பழைய எரிமலைப் பாறைகளின் வேதியியலும் அவை பிறந்த புவித்தட்டுச் சூழலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்றைய பெருங்கடல்களின் தரை ஏறக்குறைய முழுவதும் 20 கோடி ஆண்டுகளுக்குக் குறைந்த வயதுடையது. அதற்கு முன்பிருந்த கடல்தரைகள், ஒரு தட்டு மற்றொன்றின் அடியில் இறங்கும் அமிழ்தல் மண்டலங்கள் வழியாகப் புவியின் உட்பகுதிக்குள் சென்று மறைந்துவிட்டன. அந்தக் கடல்களையும் அவற்றில் இருந்த தீவு வரிசைகளையும் பற்றி நமக்கு எஞ்சியிருப்பவை, கண்டங்கள் மோதியபோது மலைத்தொடர்களுக்குள் சிக்கிக்கொண்ட எரிமலைப் பாறைத் துண்டுகள்தாம். அந்தத் துண்டுகளின் வேதியியலைக் கொண்டு அவை பிறந்த சூழலை எவ்வாறு அறிகிறார்கள், அந்த அறிதலை எவ்வளவு நம்பலாம் என்பன பற்றி மாணவர்களும் ஆர்வலர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கப்படுகிறது.

புவித்தட்டுச் சூழல் ஒரு பாறையின் வேதியியலில் எப்படிப் பதிகிறது?

நேரடியாகப் பதிவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாறையில் பதிவன மூன்று செய்திகள்: எந்தப் பொருள் உருகியது, எவ்வளவு ஆழத்தில் உருகியது, எதன் காரணமாக உருகியது. இவற்றிலிருந்து புவித்தட்டுச் சூழலை நாம் ஊகித்தறிகிறோம். பாறை சொல்வதையும் நாம் ஊகிப்பதையும் பிரித்துப் பார்க்கத் தவறுவதால்தான் இத்துறையின் பெரும்பாலான சர்ச்சைகள் எழுந்தன என்பது என் கருத்து.

புவியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள தடித்த அடுக்கான கவசம் திண்மப் பாறையால் ஆனது. அது உருகுவதற்கு மூன்று முக்கிய வழிகள் உள்ளன. நடுக்கடல் மலைத்தொடர்களில் தட்டுகள் விலகும்போது அடியிலுள்ள கவசப் பாறை மேலெழுகிறது. அழுத்தம் குறைவதால் அதன் உருகுநிலையும் குறைந்து, வெப்பம் புதிதாகச் சேராமலேயே ஒரு பகுதி உருகுகிறது. அமிழ்தல் மண்டலத்துக்கு மேலே வளைவாக அமையும் எரிமலைத் தீவு வரிசைகளான தீவு வில்களின் அடியில் நிகழ்வது வேறு. அங்கே அமிழும் கடல்தட்டிலிருந்து வெளியேறும் நீர் மேலுள்ள கவசத்துக்குள் புகுந்து அதன் உருகுநிலையைக் குறைக்கிறது. ஹவாய் போன்ற வெப்பப் புள்ளிகளிலோ, ஆழத்திலிருந்து வழக்கத்தைவிடச் சூடான பாறை தூண் போல் எழுந்து, தடித்த தட்டின் அடியில் அதிக ஆழத்தில் சிறிதளவே உருகுகிறது. உருகும் பொருளும் ஆழமும் காரணமும் மாறுவதால், மூன்று இடங்களிலும் பிறக்கும் பசால்ட் என்னும் எரிமலைப் பாறை கண்ணுக்கு ஒரே கறுப்புக் கல்லாகத் தெரிந்தாலும், அதிலுள்ள தனிமங்களின் விகிதங்கள் வெவ்வேறாக அமைகின்றன.

சிலிக்கா, இரும்பு, மக்னீசியம் போன்ற முதன்மைத் தனிமங்கள் போதாதா?

பாறைக்குப் பெயரிட அவை போதும். பிறப்பிடம் அறியப் போதா. எல்லாச் சூழல்களிலும் உருகுவது ஏறத்தாழ ஒரே வகைக் கவசப் பாறை என்பதால், பசால்ட்டின் முதன்மைத் தனிம அளவுகள் குறுகிய வரம்புக்குள்ளேயே நிற்கின்றன. அதோடு, பாறைக்குழம்பு குளிரும்போது படிகங்கள் பிரிந்து விழுவதால் அவை எளிதில் மாறியும் விடுகின்றன.

இதனால்தான் பத்து லட்சத்தில் சில பங்குகளே உள்ள சுவடுத் தனிமங்களை நாடுகிறார்கள். கவசத்திலுள்ள ஆலிவின், பைராக்சீன் போன்ற கனிமங்களின் படிக அமைப்புக்குள் இடம் கொள்ளாத தனிமங்கள் சில உண்டு. பாறை உருகத் தொடங்கியதுமே அவை திண்மத்தை விட்டு உருகலுக்குள் சென்றுவிடும். தோரியம், நையோபியம், லாந்தனம், பேரியம் ஆகியவை இவ்வகையின. இவற்றை ஒவ்வாத் தனிமங்கள் என்கிறோம். ஒரு கவசப் பகுதி முன்பு ஒருமுறை உருகியிருந்தால் அதில் இவை குறைந்துபோயிருக்கும். இத்தகையதைச் சாரமிழந்த கவசம் என்கிறோம். நடுக்கடல் மலைத்தொடர்களின் அடியிலுள்ள கவசம் அத்தகையது.

அளவுகளைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். பரவலாகப் பயன்படும், 1989-இல் சன், மெக்டோனா ஆகிய இருவரும் தொகுத்த சராசரிப்படி, இயல்பான நடுக்கடல் பசால்ட்டில் பத்து லட்சத்தில் 2.33 பங்கு நையோபியமும் 0.12 பங்கு தோரியமும் உள்ளன. ஹவாய் போன்ற வெப்பப் புள்ளிகளில் பிறக்கும் கடல் தீவுப் பசால்ட்டில் இவை முறையே 48, 4 என உயர்கின்றன. நையோபியம் இருபது மடங்கும் தோரியம் முப்பது மடங்குக்கு மேலும் கூடியிருக்கின்றன. சிலிக்காவில் இத்தகைய இடைவெளியை எங்கும் காண முடியாது.

எல்லோரும் சொல்லும் ‘நையோபியக் குறைவு’ என்பது என்ன?

தீவு வில் பாறைகளை இனங்காட்டும் அடையாளங்களில் இதுவே தலையானது. ஆகவே சற்று விரிவாகப் பார்ப்போம்.

சாதாரணக் கவச உருகலில் நையோபியமும் லாந்தனமும் ஏறத்தாழ ஒன்று போலவே நடந்துகொள்கின்றன. ஒன்று கூடினால் மற்றதும் கூடும். மேற்கூறிய சராசரியில் நடுக்கடல் பசால்ட்டின் லாந்தனம் 2.5 பங்கு, எனவே நையோபியம்–லாந்தனம் விகிதம் 0.93. கடல் தீவுப் பசால்ட்டில் லாந்தனம் 37 பங்கு; விகிதம் 1.3. தனிம அளவு இருபது மடங்கு மாறியும் விகிதம் பெரிதாக மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் தீவு வில் பசால்ட்டுகளில் இவ்விகிதம் பெரும்பாலும் 0.5-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஒன்றாகச் செல்லும் இரு தனிமங்களை ஏதோ ஒன்று பிரித்திருக்கிறது.

பிரித்தது அமிழும் தட்டு. தட்டு கீழே செல்லச் செல்ல அதிலுள்ள நீர்க்கனிமங்கள் சிதைந்து, வெளியேறும் நீர்மம் பேரியம், ருபீடியம், ஸ்ட்ரான்ஷியம், காரீயம் ஆகியவற்றைக் கரைத்து மேலே கொண்டு செல்கிறது. தட்டின் மேலுள்ள கடல் வண்டல் உருகினால் தோரியமும் லாந்தனமும் சேர்ந்து செல்கின்றன. நையோபியமும் டான்டலமும் இந்த நீர்மத்தில் எளிதில் கரைவதில்லை. அவற்றை விரும்பி ஏற்கும் ரூட்டைல் என்னும் டைட்டானியக் கனிமம் தட்டிலேயே தங்கி அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மேலுள்ள கவசத்துக்கு மற்றவை வந்து சேர, நையோபியம் மட்டும் வருவதில்லை. ஆகவே, நையோபியம் குறைந்தது என்று சொன்னாலும், உண்மையில் அதன் அண்டைத் தனிமங்கள் கூடியதே, தனிமங்களை வரிசையாகக் குறிக்கும் வரைபடத்தில் நையோபியத்தின் இடத்தில் ஒரு பள்ளத்தை உருவாக்குகிறது. வரைபடத்தில் பள்ளத்தைப் பார்ப்பவர்கள் இதை மறந்துவிடுவது வழக்கம்.

அருமண் தனிமங்கள் எதைச் சொல்கின்றன?

லாந்தனம் முதல் இட்டெர்பியம் போன்றவை வரை ஒன்றையொன்று ஒத்த தனிமங்களின் வரிசையே அருமண் தனிமங்கள். அவை பாறை உருகிய ஆழத்தைச் சொல்கின்றன. கவசப் பாறையில் சுமார் 80 கிலோமீட்டருக்குக் கீழே கார்னெட் என்னும் கனிமம் நிலைத்திருக்கிறது. இட்டெர்பியம் போன்ற கனமான அருமண் தனிமங்களைக் கார்னெட் இறுகப் பிடித்துக்கொள்ளும்; லாந்தனம் போன்ற இலேசானவற்றை விட்டுவிடும். கார்னெட் உள்ள ஆழத்தில் சிறிதளவு உருகிப் பிறந்த பசால்ட்டில் லாந்தனம்–இட்டெர்பியம் விகிதம் மிக உயர்ந்திருக்கும். கடல் தீவுப் பசால்ட்டின் சராசரியில் இது ஏறக்குறைய 17. ஆழங்குறைந்த பகுதியில் அதிகமாக உருகிப் பிறக்கும் நடுக்கடல் பசால்ட்டில் 0.8.

கோடிக்கணக்கான ஆண்டுகள் வெந்நீரிலும் அழுத்தத்திலும் கிடந்த பாறையின் வேதியியலை எப்படி நம்புவது?

முழுவதையும் நம்ப முடியாது. நம்பத்தக்க பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம். கடல்தரையில் ஓடும் வெந்நீர் பசால்ட்டிலுள்ள பொட்டாசியம், சோடியம், கால்சியம், ருபீடியம், பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆகியவற்றை இடம் மாற்றிவிடும். பின்னர் மலையாக்கத்தின்போது பாறை பச்சைக் கனிமங்கள் நிறைந்ததாக உருமாறும்போதும் இவை மீண்டும் நகரும். டைட்டானியம், சிர்கோனியம், ஹாஃப்னியம், இட்ரியம், நையோபியம், டான்டலம், தோரியம், வனேடியம் ஆகியவையும் பெரும்பாலான அருமண் தனிமங்களும் அத்தகைய மாற்றங்களில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

இதன் விளைவு பெரிது. 1967-இல் டிக்கின்சன், ஹேதர்டன் ஆகிய இருவரும் தீவு வில் எரிமலைகளில் ஒரு குறிப்பிட்ட சிலிக்கா அளவுக்கு உரிய பொட்டாசியம், அடியில் அமிழும் தட்டின் ஆழம் கூடக் கூட அதிகரிப்பதைக் காட்டினர். இளம் எரிமலைகளுக்கு இது அருமையான கருவி. ஆனால் பழைய பாறையில் பொட்டாசியமே இடம் மாறியிருக்கும் என்பதால் அந்தக் கருவியை அப்படியே கொண்டு செல்ல முடியாது. பொட்டாசியத்துக்குப் பதில் தோரியத்தையும், சிலிக்காவுக்குப் பதில் கோபால்ட்டையும் வைத்து அமைத்த வரைபடம் 2007-இல் வந்தது இதற்காகத்தான்.

நிலைத்த தனிமங்களையும் கண்மூடி ஏற்கக் கூடாது. கார்பன் டை ஆக்சைடு நிறைந்த நீர்மங்களும் மிக உயர்ந்த உருமாற்ற வெப்பமும் அருமண் தனிமங்களைக்கூட அசைத்துவிடும். ஒரே குழம்புத் தொடரின் பல மாதிரிகளில் ஒரு தனிமத்தைச் சிர்கோனியத்துக்கு எதிராகக் குறித்துப் பார்த்தால், அது நகராதிருந்தால் புள்ளிகள் ஒரு கோட்டில் விழும், நகர்ந்திருந்தால் சிதறும். இந்த எளிய சோதனையைச் செய்யாமல் அடுத்த படிக்குச் செல்வது முறையன்று.

மாதிரியை எடுப்பதிலும் பொடிப்பதிலும் கவனிக்க வேண்டியவை உண்டா?

நிச்சயமாக உண்டு, பல தவறான முடிவுகள் இங்கேயே தொடங்குகின்றன. தலையணை வடிவ எரிமலைப் பாறையில் துளைகளை நிரப்பியிருக்கும் கால்சைட், குவார்ட்ஸ் நரம்புகள், சிதைந்த மேல்தோல் ஆகியவற்றை நீக்கி, நுண்மணிகளால் ஆன உட்பகுதியையே எடுக்க வேண்டும். விளிம்பில் மாறாத எரிமலைக் கண்ணாடி எஞ்சியிருந்தால் அது அரிய பேறு. அதைத் தனியே சேகரிக்க வேண்டும்.

பொடிக்கும் கலத்தைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. டங்ஸ்டன் கார்பைடு கலத்தில் பொடித்தால் டங்ஸ்டனும் கோபால்ட்டும் டான்டலமும் மாதிரிக்குள் கலக்கும். மேலே சொன்ன தோரியம்–கோபால்ட் வரைபடத்தையோ, 1980-இல் வுட் அமைத்த தோரியம்–ஹாஃப்னியம்–டான்டலம் முக்கோணத்தையோ பயன்படுத்த எண்ணுபவர் அந்தக் கலத்தைப் பயன்படுத்தினால், பாறையின் வரலாற்றோடு கலத்தின் வேதியியலையும் சேர்த்தே படிக்க நேரும். அகேட் கலம் இதற்கு ஏற்றது. அமிலத்தில் கரைக்கும்போதும் ஓர் இடர் உண்டு: சிர்கோனியம் நிறைந்த கனிமமான சிர்கானின் மணிகள் திறந்த கலத்தில் முழுதாகக் கரைவதில்லை. சிலிக்கா மிகுந்த பாறைகளில் சிர்கோனியமும் ஹாஃப்னியமும் குறைவாக வந்தால் இதைத்தான் முதலில் ஐயுற வேண்டும்.

சூழல் பிரிப்பு வரைபடங்கள் எப்படித் தோன்றின? அவற்றை இன்றும் பயன்படுத்தலாமா?

1973-இல் ஜூலியன் பியர்ஸ், ஜோ கேன் ஆகியோர் டைட்டானியம், சிர்கோனியம், இட்ரியம் மூன்றையும் ஒரு முக்கோணத்தில் வைத்து, இளம் பசால்ட்டுகள் அவை பிறந்த சூழலுக்கேற்ப வெவ்வேறு பகுதிகளில் விழுவதைக் காட்டினர். தட்டு நகர்வுக் கோட்பாடு ஏற்கப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. பழைய பாறையின் பகுப்பாய்வை அதே முக்கோணத்தில் குறித்தால் அதன் சூழல் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை எங்கும் பரவியது. 1982-இல் ஷெர்வைஸ் டைட்டானியத்தையும் வனேடியத்தையும் ஒப்பிடும் வரைபடத்தை வெளியிட்டார். 1986-இல் மெஷேடெயின் நையோபிய முக்கோணம் வந்தது.

இவற்றில் ஷெர்வைஸின் வரைபடம் எனக்கு மிகவும் பிடித்தது. அதன் பின்னால் தெளிவான இயற்பியல் காரணம் இருப்பதே அதற்குக் காரணம். வனேடியம் ஆக்சிஜன் மிகுந்த சூழலில் உயர் மின்னேற்ற நிலைக்குச் சென்று, கவசக் கனிமங்களில் தங்காமல் உருகலுக்குள் செல்லும். தீவு வில் குழம்புகள் பொதுவாக ஆக்சிஜனேற்றம் மிகுந்தவை. ஆகவே அவற்றில் டைட்டானியம்–வனேடியம் விகிதம் 10 முதல் 20 வரையும், நடுக்கடல் பசால்ட்டில் 20 முதல் 50 வரையும், காரத்தன்மை மிகுந்த கடல் தீவுப் பசால்ட்டில் 50-க்கு மேலும் அமைகிறது.

பயன்படுத்தலாமா என்றால், ஆம், ஆனால் ஒற்றை வரைபடத்தில் ஒற்றைப் புள்ளியை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. பழைய வரைபடங்கள் சில நூறு பகுப்பாய்வுகளின் அடிப்படையில் கையால் எல்லை வரையப்பட்டவை. இன்று தரவுத்தளங்களில் பல்லாயிரக்கணக்கான பகுப்பாய்வுகள் உள்ளன. 2015-இல் லீ, ஆர்ண்ட் உள்ளிட்டோர் அந்தப் பெருந்தரவை மரபான வரைபடங்களில் குறித்தபோது, பல சூழல்களின் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து கிடப்பதைக் கண்டனர். மூன்று தனிமங்களைச் சுருக்கி முக்கோணத்தில் வைப்பதைவிட, பல தனிமங்களையும் ஒப்பிட்டு வரிசையாக வரையும் பலதனிமக் கோட்டுப்படத்தைக் கண்ணால் படிப்பதே மேலானது.

ஒரு பகுப்பாய்வை எப்படிப் படிப்பது என்று எடுத்துக்காட்டுடன் சொல்ல முடியுமா?

விளக்கத்துக்காக ஒரு கற்பனை மாதிரியை எடுத்துக்கொள்வோம். பசால்ட் ஒன்றில் பத்து லட்சத்தில் டைட்டானியம் 6000, வனேடியம் 320, லாந்தனம் 5, நையோபியம் 1.5, தோரியம் 0.8, இட்டெர்பியம் 2.4 பங்குகள் உள்ளன என்க.

முதலில் நையோபியத்தை இட்டெர்பியத்தால் வகுக்கிறோம்: 0.63. இயல்பான நடுக்கடல் பசால்ட்டில் இது 0.76. ஆகவே அடிப்படையில் உருகிய கவசம் நடுக்கடல் மலைத்தொடரின் அடியிலுள்ளதைப் போலவோ, அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ சாரமிழந்தது. அடுத்துத் தோரியத்தை அதே இட்டெர்பியத்தால் வகுத்தால் 0.33 வருகிறது, நடுக்கடல் பசால்ட்டிலோ 0.04 மட்டுமே. எட்டு மடங்குக்கும் மேற்பட்ட தோரியம் எங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்கிறது. கவசம் சாரமிழந்ததாக இருக்க, தோரியம் மட்டும் கூடியிருப்பதால், அது வெளியிலிருந்து வந்த சேர்க்கை. நையோபியம்–லாந்தனம் விகிதம் 0.3. டைட்டானியம்–வனேடியம் விகிதம் ஏறக்குறைய 19. எல்லாம் அமிழ்தல் மண்டலத்தின் பக்கமே சாய்கின்றன.

2008-இல் பியர்ஸ் முன்வைத்த தோரியம்–இட்டெர்பியம், நையோபியம்–இட்டெர்பியம் வரைபடம் இந்தச் சிந்தனை வரிசையையே கோடுகளாக்குகிறது. நடுக்கடல் பசால்ட்டும் கடல் தீவுப் பசால்ட்டும் அதில் சாய்வான ஒரே பட்டையில் விழுகின்றன. வெளியிலிருந்து தோரியம் பெற்றவை பட்டைக்கு மேலே எழுகின்றன. ஆனால் அந்தத் தோரியம் அமிழ்ந்த தட்டிலிருந்து வந்ததா, குழம்பு மேலேறும் வழியிலிருந்த கண்டப் பாறையிலிருந்து வந்ததா என்பதை இந்த எண்கள் மட்டும் சொல்லமாட்டா.

கண்டப் பாறை கலந்தால் தீவு வில் போலத் தோன்றிவிடுமா?

தோன்றிவிடும். கண்ட மேலோட்டின் சராசரியிலேயே நையோபியம் 8, லாந்தனம் 20 பங்கு, விகிதம் 0.4. கண்ட மேலோடு தானே பெருமளவு அமிழ்தல் மண்டலங்களில் உருவான பொருள் என்பதால் அந்த அடையாளத்தை அது சுமந்து நிற்கிறது. கண்டத்தின் ஊடே எழும் எந்தப் பசால்ட்டும் அதில் சிறிது கரைத்துக்கொண்டால், அடியில் எந்தத் தட்டும் அமிழாமலேயே நையோபியக் குறைவு தோன்றும்.

தக்காணத்துப் பசால்ட் அடுக்குகள் இதற்குத் தக்க சான்று. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பெருகிய இவை அமிழ்தல் மண்டலத்தில் பிறந்தவையல்ல. ஆயினும் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் அடுக்குகளில், புஷே அடுக்கின் பாறைகள் கண்ட மேலோட்டுப் பொருளை மிகுதியாகக் கலந்துகொண்டவை. பழைய கண்டப் பாறையில் உயர்ந்திருக்கும் ஸ்ட்ரான்ஷியம் 87–86 ஐசோடோப்பு விகிதம் அவற்றில் 0.71-க்கு மேல் செல்கிறது. அதற்கு மேலே வரும் அம்பேனளி அடுக்கில் அது 0.704 அளவிலேயே நிற்கிறது. கலப்பு மிகக் குறைவு. புஷே மாதிரிகளை மட்டும் ஒருவர் கையில் எடுத்திருந்தால், தவறான முடிவுக்கு எளிதில் வந்திருப்பார். ஒரு தொடரின் கீழிருந்து மேல் வரை மாதிரி எடுப்பதும், சிலிக்கா கூடும்போது நையோபியம்–லாந்தனம் விகிதம் சீராகக் குறைகிறதா என்று பார்ப்பதும் இந்த மயக்கத்தைத் தவிர்க்க உதவும். சீராகக் குறைந்தால் அது வழியில் நேர்ந்த கலப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ட்ரூடோஸ் விவாதம் ஏன் இவ்வளவு முக்கியமாகக் கருதப்படுகிறது?

சைப்ரஸ் தீவின் ட்ரூடோஸ் மலையில் கவசப் பாறை, ஆழத்தில் உறைந்த பாறையான காப்ரோ, அடுக்கடுக்கான செங்குத்துக் குழம்புச் சுவர்கள், தலையணைப் பாறைகள் என முழுக் கடல்தரையே கீழிருந்து மேலாக வெளிப்பட்டு நிற்கிறது. குழம்புச் சுவர்கள் ஒன்றையொன்று பிளந்து பக்கம் பக்கமாக நிற்பது, மேலோடு தொடர்ந்து விரிந்துகொண்டே இருந்ததைக் காட்டுகிறது. ஆகவே அது நடுக்கடல் மலைத்தொடரில் பிறந்தது என்று 1970-களின் தொடக்கத்தில் பரவலாக ஏற்கப்பட்டிருந்தது.

1973-இல் ஜப்பானியப் பாறையியலாளர் அகிஹோ மியாஷிரோ, அங்குள்ள எரிமலைப் பாறைகளின் வேதியியல் நடுக்கடல் பசால்ட்டை ஒத்ததன்று, தீவு வில்லை ஒத்தது என்று எழுதினார். கடுமையான எதிர்ப்பு எழுந்தது. களச்சான்று விரிதலைச் சொல்கிறது. வேதியியல் அமிழ்தலைச் சொல்கிறது. இரண்டில் ஒன்று தவறு என்றே பலர் எண்ணினர். மியாஷிரோ நம்பியவை எளிதில் மாறக்கூடிய முதன்மைத் தனிமங்கள் என்ற குறையும் சுட்டப்பட்டது. அது நியாயமான குறைதான். ஆனால் பின்னர் நிலைத்த தனிமங்களும், 1983-இல் பகுத்தாராயப்பட்ட மாறாத எரிமலைக் கண்ணாடியும் அவர் சொன்ன திசையையே காட்டின.

விடை, இரு தரப்பும் சரி என்பதாக அமைந்தது. அமிழும் தட்டுக்கு மேலேயே கடல்தரை விரியக்கூடும். 1984-இல் பியர்ஸும் உடன் ஆய்வாளர்களும் இத்தகைய பாறைத் தொகுதிகளை அமிழ்தல் மண்டலத்துக்கு மேற்பட்ட ஓபியோலைட்டுகள் (நிலத்தில் வெளிப்பட்டு நிற்கும் பழைய கடல்தரைத் துண்டுகள்) எனத் தனி வகையாக்கினர். ஓமானின் செமயில் தொகுதி உட்பட இன்று நாம் அறிந்த பெரிய ஓபியோலைட்டுகள் பலவும் இவ்வகையில் சேர்க்கப்படுகின்றன. பாறையின் வேதியியல் எது உருகியது என்பதைச் சொன்னது. குழம்புச் சுவர்கள் மேலோடு எப்படி அசைந்தது என்பதைச் சொன்னன. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள் என்பதை உணர்ந்தபோது முரண்பாடு மறைந்தது.

போனினைட் கிடைத்தால் அமிழ்தல் உறுதியாகிவிடுமா?

ஏனைய எரிமலைப் பாறைகளைவிட இது வலுவான சான்று. சிலிக்கா 52 சதவீதத்துக்கு மேல், மக்னீசியம் ஆக்சைடு 8 சதவீதத்துக்கு மேல், டைட்டானியம் ஆக்சைடு 0.5 சதவீதத்துக்குக் கீழ் என்பது இதன் வரையறை. அதிக மக்னீசியமும் அதிக சிலிக்காவும் சேர்ந்து வருவது அரிது. ஏற்கெனவே உருகிச் சாரமிழந்த கவசத்தை ஆழங்குறைந்த இடத்தில் மீண்டும் உருக்க வேண்டும். அதற்கு நீரும் வேண்டும், மிகுந்த வெப்பமும் வேண்டும்.

ஜப்பானுக்குத் தெற்கிலுள்ள போனின் தீவுகளில் இது முதலில் விவரிக்கப்பட்டது. அங்கே சுமார் 5 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் பசிபிக் தட்டு அமிழத் தொடங்கியது. 2014-இல் பன்னாட்டுக் கடல்தரைத் துளையிடல் திட்டத்தின் 352-ஆம் பயணம் அப்பகுதியில் துளையிட்டு, நடுக்கடல் பசால்ட்டை ஒத்த பாறைகளையும் போனினைட்டையும் அடுத்தடுத்து எடுத்தது. அமிழ்தல் தொடங்கும் தருணத்தில் முதலில் பசால்ட், பிறகு போனினைட், அதன் பிறகு வழக்கமான தீவு வில் பாறைகள் என்ற வரிசை தோன்றுகிறது. ஆகவே, பழைய தொகுதியில் ஒரு போனினைட் மாதிரியைவிட, இந்த வரிசை முழுதும் கிடைப்பதே பெரிதும் மதிக்கத்தக்கது.

இளம் கடல்தரையிலேயே இந்த விதிகள் பொய்ப்பதுண்டா?

உண்டு. சிலி நாட்டுக்கு அப்பால், அமிழ்தல் மண்டலத்தை நெருங்கும் நடுக்கடல் மலைத்தொடரில் அள்ளிய பசால்ட்டுகள் சில தீவு வில் அடையாளங்களைக் கொண்டிருப்பது 1995-இல் அறிவிக்கப்பட்டது. மறுபுறம், மரியானா, லாவு போன்ற பின்வில் வடிநிலங்களில் (தீவு வில்லின் பின்புறம் விரியும் கடல்தரைகளில்) வில்லுக்கு அருகே தீவு வில் பாறையும், விலகிச் செல்லச் செல்ல நடுக்கடல் பசால்ட்டை ஒத்த பாறையும் கிடைக்கின்றன. இடத்தை நாம் கண்ணாரக் காணும் இன்றைய கடலிலேயே இப்படி என்றால், பழைய பாறைக்குக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

ஐசோடோப்புகள் கூடுதலாக என்ன தருகின்றன?

காலத்தைச் சேர்த்துத் தருகின்றன. சமாரியம் 147 மிக மெதுவாக நியோடைமியம் 143 ஆகச் சிதைகிறது. அதன் அரைவாழ்வு சுமார் 10,600 கோடி ஆண்டுகள். சாரமிழந்த கவசத்தில் சமாரியம் ஒப்பீட்டளவில் அதிகம் என்பதால் நீண்ட காலத்தில் நியோடைமியம் 143-உம் கூடுகிறது. பழைய கண்டத்தில் அது அந்த அளவுக்குக் கூடுவதில்லை. இரு தனிமங்களும் உருமாற்றத்தில் எளிதில் நகராதவை என்பதால், கண்டக் கலப்பைக் கண்டறியப் பழைய பாறைகளில் இதுவே நம்பகமான துணை. இளம் எரிமலைகளில் பயன்படும் பெரிலியம் 10 போன்றவை இங்கே உதவா. அதன் அரைவாழ்வு சுமார் 14 லட்சம் ஆண்டுகள்தான்.

250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைகளுக்கும் இதே முறை பொருந்துமா?

இங்குதான் கருத்து வேறுபாடு மிக ஆழமானது. அக்காலக் கவசம் இன்றைவிடச் சூடானது. தென்னாப்பிரிக்காவின் கோமாட்டி ஆற்றுப் பகுதியில் 1969-இல் வில்யோன் சகோதரர்கள் விவரித்த கோமாட்டியைட்டில் மக்னீசியம் ஆக்சைடு 18 சதவீதத்துக்கு மேல் உள்ளது. அதன் குழம்பு ஏறக்குறைய 1600 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருந்திருக்க வேண்டும் என்று கணிக்கப்படுகிறது. இன்று அத்தகைய குழம்பு எங்கும் வெளிவருவதில்லை. இன்றைய சூழல்களிலிருந்து வரைந்த எல்லைக்கோடுகளை அக்காலத்துக்கு நீட்டுவது, அன்றும் இன்றைய சூழல்களே இருந்தன என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொள்வதாகும். நிரூபிக்க வேண்டியதே அதுதான்.

மேலும், தடித்த பசால்ட் பீடபூமியின் அடிப்பகுதி நீரேறிய நிலையில் புதைந்து உருகினாலும், கவசத்துக்குள் சொட்டாக விழுந்தாலும், தட்டு அமிழ்தல் இல்லாமலேயே தீவு வில் போன்ற அடையாளம் தோன்றக்கூடும் எனப் பலர் வாதிடுகின்றனர். ஆஸ்திரேலியாவின் பில்பாரா பகுதியின் கிழக்கே 350 கோடி ஆண்டுக்கால அளவிலான பாறைகள் பெரும்பாலும் இத்தகைய பீடபூமியாகவே விளக்கப்படுகின்றன. அதே பில்பாராவின் மேற்கே, 312 கோடி ஆண்டு வயதுடைய வுண்டோ தொகுதியில் போனினைட்டை ஒத்த பாறைகள் உட்பட, தீவு வில்லுக்குரிய பலவகைப் பாறைகள் சேர்ந்து கிடைக்கின்றன. பழைய கண்டம் கலந்ததற்கான ஐசோடோப்புத் தடயமும் அங்கு இல்லை. ஒற்றை விகிதத்தைவிட இப்படிப் பல சான்றுகள் ஒருசேர வருவதே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. கனடாவின் நுவ்வுவாகிட்டுக் பகுதியில் 2014-இல் போனின் வரிசையை ஒத்த அடுக்கு வரிசை சுட்டிக்காட்டப்பட்டது. ஆனால் அப்பாறைகளின் வயதே 380 கோடியா, 420 கோடிக்கு மேலா என்ற விவாதம் நீடிக்கிறது.

எரிமலைப் பாறையே அரித்துச் செல்லப்பட்டு மறைந்துவிட்டால் வழியுண்டா?

ஓரளவு உண்டு. எரிமலை அழிந்தாலும் அதன் மணிகள் அருகிலுள்ள மணற்பாறையில் தங்கியிருக்கும். குரோமியம் மிகுந்த ஸ்பைனல் மணிகள் சிதைவை நன்கு தாங்குபவை. அவற்றில் குரோமியம் மிக உயர்ந்தும் டைட்டானியம் மிகக் குறைந்தும் இருந்தால், அவை போனினைட் அல்லது அதைப் போன்ற சாரமிழந்த மூலத்திலிருந்து வந்திருக்கலாம். மாறாத கிளைனோபைராக்சீன் மணிகளிலும் டைட்டானியம், சோடியம், மாங்கனீசு அளவுகளைக் கொண்டு தாய்க்குழம்பின் வகையை ஊகிக்க 1977-லேயே முறை வகுக்கப்பட்டது. சிர்கான் மணியில் யுரேனியம்–இட்டெர்பியம் விகிதம் கடல் மேலோட்டில் பிறந்ததையும் கண்டத்தில் பிறந்ததையும் பெரும்பாலும் பிரித்துக் காட்டுகிறது; அதே மணியிலிருந்து யுரேனியம்–காரீயம் முறையில் வயதும் கிடைக்கிறது. கடல் மேலோட்டுப் பாறைகளில் சிர்கான் மிக அரிதாகவே வளர்வதால், ஒரு மணற்பாறையில் அத்தகைய மணிகள் கிடைக்கவில்லை என்பதைக் கொண்டு அங்கே கடல் இருந்ததில்லை என்று முடிவு செய்ய இயலாது.